இடைச்சுவர் யாரால் இடிந்தது?

கிறித்தவ அன்பர்கள் ‘ஒப்புரவாதல்’ என்றொரு சொல்லை வழங்குகின்றனர். சிலுவையில் சிந்தியதாக அவர்கள் நம்பும் குருதியால் மனிதன் இறைவனோடு இணங்கினான் என்பது அதன் முற்பாதி. அக்குருதியே யூதரையும் பிறவினத்தாரையும் பிரித்த இடைச்சுவரைத் தகர்த்தது என்பது பிற்பாதி. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இது விரிவாக உண்டு.

முற்பாதியை நாம் ஏற்பதற்கில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பது குர்ஆன் காட்டும் நீதியன்று. அடியானுக்கும் ரப்புக்குமிடையே தவ்பா போதும்.

பிற்பாதியோ கேட்க இனியது. ஆயின் சுவர் இடிந்ததா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் தேவாலயத்துள்ளேயே சாதிச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. 2008-இல் எறையூரில் சமவுரிமை கேட்ட தலித் கிறித்தவர்கள் தம் சமயத்தவராலேயே தாக்கப்பட்டனர். மேலே கணக்குத் தீர்ந்ததென்று நம்புகிறவனுக்கு அண்டை வீட்டுக் கணக்கு மறந்துபோகிறது என்பேன். காணிக்கைக்கு முன்பு சகோதரனோடு இணங்கச் சொல்லும் மத்தேயு சுவிசேஷப் போதனை இதனினும் நமக்கு நெருக்கமானது. அவர்கள் அதையன்றோ முன்னிறுத்த வேண்டும்!

நம் முதுகையும் பார்ப்போம். 1989-இல் போடிநாயக்கனூரில் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. ஹுஜுராத் அத்தியாயம் கூறும் இணக்கம் முஃமின்களுக்கிடையே மட்டும்தானே என்று ஒதுங்குவோர் உளர். நிஸா அத்தியாயத்தின் 114-ஆம் வசனம் ‘மனிதர்களுக்கிடையே’ என்றல்லவா பேசுகிறது? ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் கம்பம், உத்தமபாளையத்துப் பெரியவர்களே, அன்று நம்மில் எத்தனைபேர் இரு தெருக்களுக்கும் நடுவே போய் நின்றோம்?