ஒண்ணும் ஆகாதாம்!

தீபாவளிக்கு யார் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். சம்பந்தி வீட்டார் வரட்டும், சித்தப்பா குடும்பம் வரட்டும், சித்தப்பா சொல்லாமல் கூட்டிக்கொண்டு வரும் அவருடைய ஆபீஸ் நண்பரும் வரட்டும். விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் இட்லி அவிக்கச் சலித்ததில்லை. கறிக்குழம்புக்கு மசாலா அரைக்கவும் சலித்ததில்லை. வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் நாயையும் பூனையையும் அதுஅது பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அந்த ஒன்றுதான் யாராலும் முடியாத காரியமாக இருக்கிறது.

நாய் செவலை. நிறத்தை வைத்தே பெயர். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தது. பூனை பஞ்சு. இரண்டுக்கும் நேரம் தவறாத வாழ்க்கை. வாசல் பெருக்கும்போது ஒரு சுற்று, மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே தூக்கம், இருட்டியதும் சோறு. அப்படி இருக்கிற வீட்டில் திடீரென்று ஒருநாள் விடிவதற்குள் வாசல் நிறையச் செருப்பு, கூடம் நிறையப் பை, தெரியாத குரல், தெரியாத வாசனை, தலைக்கு மேலே வெடிச் சத்தம். நமக்குக் காலண்டர் இருக்கிறது, நரக சதுர்த்தசி என்று தெரியும். அதுகளுக்கு யார் சொன்னது?

முதல் வம்பு சாப்பாட்டில் ஆரம்பிக்கும். கறிச்சோறு சாப்பிட்டு முடித்த கையோடு பெரிய மாமா இலையிலிருந்து நல்லி எலும்பாகப் பார்த்துப் பொறுக்குவார். “வேண்டாம் மாமா, வெந்த எலும்பு போடக் கூடாது” என்பேன். “நாய்க்கு எலும்பு போடாம பின்ன அல்வாவா போடுவாங்க? ஒண்ணும் ஆகாதும்மா” என்பார். வெந்த எலும்பு கடித்தால் சிம்புசிம்பாக உடையும். அந்தச் சிம்பு தொண்டையில் சிக்கும், குடலைக் குத்தும். அதை எடுக்க அறுவை சிகிச்சைதான் வழி என்றும் ஆகலாம். சரி, எலும்பு வேண்டாம் என்று குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து வைப்பார் அடுத்தவர். குழம்பில் பாதி வெங்காயமும் பூண்டும்தானே? அது நாய், பூனை இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குக் கொஞ்சம் போனாலே போதும். இதில் கொடுமை என்னவென்றால், தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும். அதற்குள் குழம்பு ஊற்றியவர் ஊர் போய்ச் சேர்ந்து “நாய் நல்லா இருக்கா?” என்று போனில் விசாரிப்பார்.

இனிப்பு தனிக் கதை. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கிற கிஸ்மிஸ் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடக் கூடியது. எந்த நாய்க்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூடக் கொடுக்காதே என்பதுதான் மருத்துவர்கள் பேச்சு. இப்போது முறுக்கு அதிரசத்தோடு சாக்லேட் பெட்டியும் வந்துவிட்டது. அதில் உள்ள தியோபுரோமின் நம் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறிவிடும், நாயின் உடம்பில் தங்கிப்போய் இதயத்தையும் நரம்பையும் பிடிக்கும். சாக்லேட் எவ்வளவு கருப்போ அவ்வளவு ஆபத்து. சர்க்கரை நோய் உள்ள அத்தைக்கென்று வாங்கி வருகிற சர்க்கரை இல்லாத மிட்டாயில் சைலிட்டால் இருந்தால் கேட்கவே வேண்டாம், நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், “எங்க ஊர்ல நாயெல்லாம் இதத் தின்னுதான் வளந்துச்சு” என்று ஆரம்பிப்பார். அந்த நாய்களெல்லாம் எத்தனை வருஷம் இருந்தன, எதனால் செத்தன என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஒன்று போனால் இன்னொன்றைத் தூக்கிவந்து அதே பெயரை வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

ஏதாவது ஆகிவிட்டால், தீபாவளி சாயங்காலம் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பாருங்கள், தெரியும். அவருக்கும் வீடு இருக்கிறது, அவர் வீட்டுக்கும் விருந்தாளி வந்திருப்பார்.

அடுத்தது கேட். எங்கள் வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் கையும் இருக்கிறது. இரண்டும் சேர்வதுதான் அபூர்வம். பலகாரத் தட்டு கொண்டுவரும் பக்கத்து வீட்டுப் பெண், பட்டாசுக்கு ஓடும் பையன்கள், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலில் போன் பேசப்போகும் மச்சான், எல்லோரும் கேட்டை மலர்த்திப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். “எங்க போகப் போகுது, வளத்த வீட்ட விட்டு?” என்று சமாதானம் வேறு. அணுகுண்டு ஒன்று வெடித்த நொடியில் நாய்க்கு வளர்த்த வீடு நினைவில் இருக்காது. சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும், அங்கே இன்னொரு வெடி, அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும், கடைசியில் தெரியாத தெருவில் நிற்கும். தீபாவளிக்கு மறுநாள் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் ‘நாயைக் காணவில்லை’ படங்கள் வரிசையாக வருவது இதனால்தான். செவலையின் கழுத்துப் பட்டையில் என் போன் நம்பரைப் பொறித்து மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து, “ஆதார் கார்டு எடுக்கலியா?” என்று சிரித்தார் ஒரு சித்தப்பா.

சத்தத்தைப் பற்றி ஊரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நம் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரைக்கும் கேட்கும், பூனைக்கு 64,000 பக்கம். நம்மால் கேட்க முடியாத மெல்லிய சத்தமும் அதுகளுக்கு எட்டும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசுக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழ்நாட்டு அரசு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டும் வெடியே கூடாது என்று அதற்கும் முன்னாலேயே விதி இருக்கிறது. எங்கள் தெருவில் முதல் சரம் மூன்றரை மணிக்கு. யாரிடம் போய்ச் சொல்ல?

தெருவை விடுங்கள், என் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். செவலை கட்டிலுக்கடியில் ஒடுங்கி, நாக்குத் தொங்க மூச்சிரைத்து, எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரு தீபாவளியன்று, கல்லூரியில் படிக்கிற மச்சான் மகன் கட்டிலுக்கடியில் போனை நீட்டி ரீல்ஸ் எடுக்கிறான். படம் சரியாக வரவில்லையாம், ஜன்னல் ஓரமாக இன்னொரு லட்சுமி வெடியைப் பற்றவைக்கச் சொல்கிறான் தம்பியிடம். அதற்குச் சிரிப்பு, கைதட்டல். பெற்றவர்கள் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒரு சத்தம் போட்டேன். “நாய்க்காகப் பிள்ளைங்களத் திட்டுறா” என்பது அந்த வருஷத்துத் தீபாவளிச் செய்தியாகிவிட்டது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் மரத்தில் அடையும் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் வெடி ஆசை இருக்கும். எங்கேயோ இருந்து வந்து கூடு கட்டுகிற கொக்குக்கு ஒரு ஊரே அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிப் போ என்றால் கோபம் வருகிறது.

யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. “நீ கொஞ்சுறதாலதான் அது பயப்படுது, கண்டுக்காம விடு” என்பார் அத்தை. பயம் என்ன, கொஞ்சினால் கூடுகிற பிடிவாதமா? பயந்த மிருகம் பக்கத்தில் வந்தால் ஒட்டி உட்கார்ந்து தடவிக் கொடுப்பதில் ஒரு தப்பும் கிடையாது. தானாக ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. இன்னொருவர் கைப்பையிலிருந்து தூக்க மாத்திரை எடுப்பார், “பாதி குடு போதும்.” மனுஷ மாத்திரையை அளவு தெரியாமல் கொடுப்பது விளையாட்டில்லை. காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். மயக்க மருந்துகளிலும் சிலது உடம்பை மட்டும் கட்டிப்போட்டுவிடும், உள்ளே பயம் அப்படியேதான் இருக்கும். பயத்துக்கென்றே மருந்து உண்டு. அதற்குப் பண்டிகைக்கு முன்னாலேயே மருத்துவரைப் பார்த்து, ஒரு வேளை கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வெடி ஆரம்பித்த பிறகு ஓடிப் பிரயோஜனமில்லை.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். மூன்று வயசுப் பேத்தி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைப்பாள். சுற்றி எல்லோரும் “அய்யோ அழகு” என்று போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி நாயைப் பாருங்கள். முகத்தைத் திருப்பியிருக்கும், காது பின்னால் போயிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், சாப்பிடாமலே உதட்டை நக்கும். இதெல்லாம் அது ‘என்னை விடு’ என்று கெஞ்சுவது. யாரும் கேட்கவில்லை என்றால் உறுமும். உறுமினால் அடி விழும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடித்தால் குற்றம் யாருடையது? கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு உட்காராதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்த பிறகு மருந்தில்லை. செவலைக்கு வருஷா வருஷம் ஊசி போட்டாகிறது. அதற்காகக் கடிபடும்வரை கொஞ்சலாம் என்று அர்த்தமில்லை.

பஞ்சு இந்த வம்புக்கே வராது. முதல் செருப்புச் சத்தத்தில் பரணில் ஏறிவிடும். அதையும் விடுவதில்லை, ஸ்டூல் போட்டு ஏறி வாலைப் பிடித்து இழுத்துப் பிராண்டு வாங்கிக்கொண்டு, “ராங்கி பிடிச்ச பூனை” என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். நாய் வளர்க்கிறவர்களில் ஒரு கூட்டம் உண்டு. வந்தவர் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுங்குவார். இவர்கள் “ஒண்ணும் பண்ணாது, சும்மா மோந்து பாக்கும்” என்று நாயை அவிழ்த்து விடுவார்கள். சின்ன வயதில் கடிபட்டவருக்கு அந்த வார்த்தை எதற்கு ஆகும்? பெரிய மாமாவின் ‘ஒண்ணும் ஆகாது’க்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பயப்படுகிற விருந்தாளிக்கும் பயப்படுகிற நாய்க்கும் நடுவே ஒரு கதவு இருப்பதுதான் இருவருக்கும் மரியாதை.

அதனால் இந்த வருஷம் பின்கட்டு அறையை ஒழித்துவிட்டேன். ஜன்னலுக்குக் கனமான போர்வை, ஓயாமல் சுற்றும் மின்விசிறி, பாட்டுப் பாடிக்கொண்டிருக்க ஒரு பழைய ரேடியோ, என் பழைய புடவை விரித்த மூலை, தண்ணீர், பூனைக்கு மண் தொட்டி. வெடி தொடங்குவதற்குள் செவலையைச் சங்கிலியோடு ஒரு நடை கூட்டிப்போய் வந்து உள்ளே விட்டுவிடுவேன். சாவி என் இடுப்பில்.

வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். அந்த அறையைத் திறக்கச் சொல்லாதீர்கள். இந்தத் தீபாவளிக்கு நாய், பூனை இருக்கிற வேறு யார் வீட்டுக்குப் போனாலும் சரி, உள்ளே நுழைந்ததும் கேட்டைத் தாழ்ப்பாள் போடுங்கள், இலையிலிருந்து எதையும் எடுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள்.