கரிசல் காட்டில் ஒரு மனநல வகுப்பறை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, லட்சம் பேருக்கு நிகழும் தற்கொலைகளின் தேசிய சராசரி 12.4, தமிழகத்தில் அது 25.9. மனநோய்க்கு ஆளானவர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை பெறுவதில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டியது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. அவர்கள் எங்கே, எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதும் முக்கியம் என்பேன்.

முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020-இல் அறிவிக்கப்பட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 நெறிமுறைகளும் அதைத் தொடர்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யும் இரவுப் பணியாக மட்டும் அது சுருங்கிவிட்டால் மாணவருக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை.

கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் பூமியையும் எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மை. தீப்பெட்டித் தொழிலின் தினக்கூலி. இங்கு வருபவர் 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்பார். மருந்து வாங்க நகரத்துக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பாதியில் நின்றுபோகும் சிகிச்சைக்கு அலட்சியம் மட்டுமே காரணமல்ல என்பதை மதுரை, நெல்லையின் பெரிய மருத்துவமனை வார்டுகளில் மட்டும் பயிலும் மாணவர் எளிதில் உணர முடியாது.

மற்றொரு சிக்கல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் மாறுவது. தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களிடம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. அதில் சென்னையும் ஓர் ஆய்வு மையம். ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பின், 18 மாதங்களில் ஒன்பது முறை அவர்களைத் தொடர்புகொண்டு நலம் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். தொடர்பில் வைக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்தான்.

18 மாதம் என்பது ஆறு மாணவர்களின் பயிற்சிக் காலம். எனவே, ஒருவருக்குப் பின் ஒருவராக ஆறு பேரும் ஒரே நோயாளிகளைத் தொடரும் சங்கிலி முறையைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் தொடங்கலாம். விடைபெறும் மாணவர் தன் நோயாளிகளை அடுத்தவருக்கு நேரில் அறிமுகம் செய்ய வேண்டும். வாரந்தோறும் பேராசிரியருடன் காணொலி வழியாக அவர்களின் நிலையை விவாதிக்க வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தார் என்பதைவிட, எத்தனை பேர் சிகிச்சையில் நீடித்தனர் என்பதே அவரது மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

சிற்றூரில் மருத்துவமனை வாகனம் வாசலில் நின்றாலே பேச்சு எழும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துடன், நோயாளியின் சம்மதம் பெற்று, இந்தப் பணியை இணைத்தால் அந்தத் தயக்கம் குறையும்.

விதி ஏற்கெனவே இருக்கிறது. மாணவர்களும் வரத்தான் போகிறார்கள். முதல்வரிடம் மனம்விட்டுப் பேசிய விவசாயி, ஆறாமவரிடமும் முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல நேரக்கூடாது. அதற்குத் தேவை ஒரு பதிவேடும், அதைக் கைமாற்றும் ஒழுங்கும்தான்.