திரைக்குப் பின்னும் ஒரு திரை

1891-இல் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டம், மிஷன் கல்லூரிகளாகிய நமக்கு அயலதன்று. அப்பள்ளியிற் கற்ற பக் துரையே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர்.

2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' என்னும் பத்துப் பகுதித் தொடர் நம் மாணவர் பலரை ஆட்கொண்டது. சிகாகோ புல்ஸ் அணியார் 1997-98 பருவத்திற் படக்கருவியைத் தம் உடைமாற்றும் அறைக்குள்ளும் அனுமதித்தனர். மைக்கேல் ஜோர்டன் தோழரைக் கடிந்து வருத்திய செய்திகளும் மறைக்கப்படவில்லை, இதனை மெச்சுகிறோம். ஆயினும் அப்படச்சுருள்கள் ஜோர்டன் இசையும்வரை பல்லாண்டு பெட்டியிற் கிடந்தன. அவரது நிறுவனமும் தொடரின் ஆக்கத்திற் பங்குகொண்டது. உடனாடிய ஸ்காட்டி பிப்பன் 2021-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தொடரைக் கடிந்தே எழுதினார்.

ஆம்பூர், வாணியம்பாடி வாசிகளுக்கு இது வியப்பன்று. பாதரட்சையின் பளபளப்பைக் காட்டுவோர் சுண்ணாம்புத் தொட்டியைக் காட்டுவரோ? காட்டினும், எத்தொட்டியைக் காட்டுவதென்று முதலாளியன்றோ தீர்மானிப்பார்!

2022-இல் தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்து லீகிற் சென்னை ஹீட் அணியும் ஆடிற்று. நம் நாட்டு அணியொன்றைப் பற்றியும் இத்தகைய தொடர் எழவேண்டுமென்பதே நம் விருப்பம். ஆனால் படத்தைத் தொகுக்கும் உரிமை நட்சத்திர ஆட்டக்காரரிடமோ அணியின் உடைமையாளரிடமோ இருத்தலாகாது. களமிறங்காமல் பலகையில் அமர்ந்தே பருவத்தைக் கழிக்கும் பன்னிரண்டாம் ஆட்டக்காரனும் பேசட்டும். படிப்பை விட்டு இத்தொழிலிற் புக எண்ணும் நம் இளைஞருக்கு, சம்பளம் எவ்வளவு, முழங்கால் பழுதுற்றால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றை அவனே சொல்லத் தக்கவன்.