யாரும் கேள்வி கேட்காத கட்டுரைகள்

காசு கொடுத்து வாங்கிய கட்டுரையைத் தன் பெயரில் சமர்ப்பிப்பது தப்பு என்ற கூச்சம் மாணவர்களிடம் குறைந்துவருகிறது. 1978 முதல் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் நியூட்டன் 2018இல் வெளியிட்ட கணக்கு இது: பிறரைக் கொண்டு எழுதி வாங்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் சராசரியாக 3.5 சதவீதம், 2014 முதலான ஆய்வுகளில் மட்டும் 15.7 சதவீதம். வாங்குவதும் அவ்வளவு எளிதாகிவிட்டது. எத்தனை பக்கம், எந்தப் படிப்பு, எப்போது வேண்டும் என்று இணையதளத்தில் நிரப்பினால் விலை வந்து நிற்கும். கெடு நெருங்க நெருங்க விலை ஏறும். ஆஸ்திரேலியா 2020இல் இந்த வியாபாரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை என்று சட்டம் போட்டது. இங்கிலாந்து 2022இல் தடை செய்தது. இரண்டும் தேவையான சட்டங்களே. ஆனால், மாணவர் மெல்பர்னிலும் எழுதுபவர் நைரோபியிலும் இருக்கும்போது விற்பவரை மட்டும் துரத்தி என்ன பயன்? வாங்கும் மனநிலை எங்கே உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

படிப்புச் சுமைதான் காரணம் என்பார்கள். அதே சுமையைச் சுமக்கும் பெரும்பாலானோர் தாங்களேதான் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் 8 பல்கலைக்கழகங்களில் 14,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வாளர் டிரேசி பிரெடாக் குழுவினர் கேட்டறிந்ததில், இத்தகைய மோசடிகளில் ஈடுபட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 6 சதவீதம். கற்பித்தலில் அதிருப்தி, ஏமாற்ற வாய்ப்புகள் நிறைய உண்டு என்ற எண்ணம், வீட்டில் ஆங்கிலம் பேசாத பின்னணி ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. நம் பிள்ளைகளும் அங்கே படிக்கப் போவதால் மூன்றாவது அம்சம் நமக்கும் உறைக்க வேண்டும். தன் எழுத்தை ஆசிரியர் அக்கறையோடு படிப்பதில்லை, தடுமாறினால் தூக்கிவிட ஆளில்லை என்று நம்பும் மாணவருக்குக் கட்டுரை வெறும் மதிப்பெண் சீட்டாகிவிடுகிறது. அப்படி எண்ணுவது அந்த மோசடியை நியாயப்படுத்தாது. மோசடி எப்படி மனசாட்சியை உறுத்தாமல் நடக்கிறது என்பதை மட்டுமே அது விளக்குகிறது.

எழுதியதைப் பற்றி மாணவரிடம் நேரில் பேசுவதுதான் மாற்று. வாய்மொழித் தேர்வையும் வகுப்பிலேயே முடிக்கும் பணியையும் பிறரிடம் ஒப்படைப்பது கடினம் என்று அதே ஆஸ்திரேலிய ஆய்வில் மாணவர்களே சொன்னார்கள். முந்நூறு பேர் வகுப்பில் இது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாக் கட்டுரைக்கும் வேண்டாம். பருவத்துக்கு ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் போதும். செயற்கை நுண்ணறிவு நொடியில் இலவசமாக எழுதித் தரும் இந்நாளில், அந்தப் பத்து நிமிடத்தைத் தள்ளிப்போட முடியாது. செலவாகும்தான். வெளிநாட்டு மாணவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் அதற்கான ஆசிரியர்களை அமர்த்தட்டும்.