பனியன் ஊரின் முதுகு

1925-இல் திருப்பூரில் பேபி நிட்டிங் கம்பெனி பனியன் பின்னத் தொடங்கியபோது, இடுப்பில் கிளம்பிக் கால் வரை சுரீரென்று இழுக்கும் வலிக்கு மருத்துவ உலகம் இன்னும் தெளிவான காரணம் கண்டிருக்கவில்லை. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934-இல். அன்றைய அறுவை சிகிச்சையில் முதுகை அகலமாகத் திறந்து, எலும்பை வெட்டி எடுத்தார்கள். 1977-இல் காஸ்பரும் யாசர்கிலும் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள், கீறல் சுருங்கியது. ஜப்பானின் ஹிஜிகடா, அமெரிக்காவின் கம்பின் ஆகியோர் பக்கவாட்டில் குழாய் செலுத்தும் வழியைத் திறந்தார்கள். அந்த வழியில்தான் எண்டோஸ்கோப் வந்தது. இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துளை போதும்.

பக்கவாட்டு வழியில் எலும்பைப் பெரிதாகத் தொட வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். நரம்பில் கருவி பட்டால் நோயாளியே சொல்லிவிடுவார். ஆனால் இடுப்பின் கடைசி ஜவ்வுக்கு இடுப்பெலும்பு குறுக்கே நிற்கும். அங்கே பின்புறமாகப் போவதே பலருக்கு எளிது. கொரியாவில் வளர்ந்த இரட்டைத் துளை முறையில் ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. எந்த முறையானாலும் கைப்பழக்கம் வர நாளாகும். ஆகவே துளையின் அளவை விட, அதைச் செய்யும் கையின் அனுபவத்தை விசாரிப்பதே முக்கியம்.

2022-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 613 பேரைத் தொடர்ந்தது. ஓராண்டு முடிவில் கால்வலி குறைவதில் பக்கவாட்டு எண்டோஸ்கோப்பி, வழக்கமான நுண் அறுவைக்குக் குறைந்ததாக இல்லை. அதே நாட்டின் 2007 ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது: சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஓராண்டில் பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்தார்கள், அவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் பிறகு அறுவைக்குப் போனபோதும். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ மட்டும் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொறுத்திருக்க ஓய்வு வேண்டுமே! திருப்பூரில் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் அடிப்பவருக்கு ஓய்வென்றால் அன்றைய கூலி போயிற்று. குனிந்து உட்காரும்போது ஜவ்வில் அழுத்தம் ஏறுவதை ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960-களிலேயே அளந்து காட்டினார். பக்கத்துக் கோவையில் கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன் குழு 2013-இல் 181 நோயாளிகளை ஆராய்ந்தது. பெரும்பாலோருக்கு ஜவ்வின் உறை கிழியவில்லை, அது எலும்போடு சேரும் இடமே பிய்ந்திருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. உலக அறிவுக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கிடைத்த கொடை அது. ஆனால் பல யூனிட்களில் டைலர் இன்றும் சாய்மானமில்லாத ஸ்டூலில்தான் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்திருக்கிறார்.

இ.எஸ்.ஐ.-யில் பதிந்து, தகுதிக்கான சந்தா கட்டிய தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். கான்ட்ராக்டரிடம் பதிவில்லாமல் தைப்பவருக்கு அது இல்லை. அவருக்கு எந்தத் துளையும் சின்னத் துளையல்ல. யூனிட் நடத்துபவர்களே, கான்ட்ராக்டில் தைப்பவரையும் இ.எஸ்.ஐ.-யில் பதியுங்கள். முதுகு சாய ஒரு நாற்காலி போடுங்கள்.