கடன்மேல் எழும் வீடு

சவ்வாது மலையில் முன்பு வீடெழுந்த வகை வேறு. மண்ணும் மூங்கிலும் புல்லும் மலை தந்தது. உழைப்பை ஊரார் தந்தனர். குடிபுகும் நாளில் கூரையின்கீழ்க் கடனில்லை. இன்று மலையாளிப் பழங்குடியினரும் கற்காரை வீடு வேண்டுகின்றனர். வேண்டுவது முறையே, ஒழுகாக் கூரை நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. சாமையும் புளியும் தேனும் விற்றுண்ணும் குடும்பம் அதனை எய்துவது எங்ஙனம்?

2024இல் தொடங்கிய 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3,50,000 உருபா வகுக்கப்பெற்றது. நல்ல தொகையே. ஆயினும் அது வேலை வளர வளரத் தவணையாய் வருவது. கடைக்கால் தோண்டவும், மணலும் கம்பியும் மலையேற்றவும் கையில் முதல் வேண்டுமே! 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் தரும் நிலத்தை விற்கவோ மாற்றவோ இயலாது. அஃது அந்நிலத்திற்கு அரண். ஆனால் அதனை ஈடுகாட்டி வங்கிக்கடன் பெறவும் வழியில்லை. எஞ்சுவோர் இருவர்: வட்டிக்காரர், முன்பணம் நீட்டும் முகவர்.

நூற்றுக்குத் திங்கள் மூன்று வட்டிக்கு 1,00,000 உருபா வாங்கினால் திங்கள்தோறும் 3,000 போம். 34ஆம் திங்களில் வட்டி முதலை விஞ்சும். முதலோ குறையாது நிற்கும். முன்பணம் அதனினுங் கொடிது. முகவர் காட்டும் கூலியை நம்பிச் செம்மரம் வெட்டப் போனோர் பலர். 2015 ஏப்பிரல் 7ஆம் நாள் ஆந்திரக் காவல்துறையினர் சேசாசலக் காட்டில் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றனர். அவருள் சவ்வாது மலையினரும் இருந்தனர். அக்குடும்பங்கட்கு எவ்வீடு ஈடாகும்?

வருவாய் சிறிதாயினும் செலவு விரியாவிடிற் கேடில்லை என்பது வள்ளுவர் 'வலியறித'லிற் காட்டிய நெறி. அஞ்சலகத் தொடர்வைப்பில் திங்கள் 500 இட்டால் ஐந்தாண்டில் 30,000 உருபாவும் வட்டியும் சேரும். கடைக்காலுக்கு அது கைம்முதல். 1989இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் வேரூன்றிய மகளிர் தன்னுதவிக் குழுக்கள் சிறுதுளியைப் பெருக்கும் வழியை நமக்குக் காட்டியுள்ளன.

எனினும், ஏழையிடம் மட்டும் சிக்கனம் பேசுதல் அறமாகாது. மலைக்குடிகட்கு முதற்றவணையைக் கடைக்காலுக்கு முன்பே தருக என அரசை வற்புறுத்துவோம். மலைவாழ் உடன்பிறப்புகாள்! வீடு ஓராண்டு பிந்தினும் பிந்துக. முன்பணத்திற்கு மட்டும் கைநீட்டாதீர். கூரை பிந்தி வரலாம். காட்டிற்குப் போனவன் திரும்பி வருவானா?