இடுக்கி பழசு, மருந்து புதுசு

பார்த்த மாத்திரத்தில் பாக்குவெட்டி என்றுதான் தோன்றும். இரண்டு நீண்ட கைப்பிடிகள், ஒரு முனையில் கீல், நடுவே ஏதோ ஒன்றை வைத்து நெருக்குவதற்கு இடம். அமெரிக்கர்கள் இதற்குச் சூட்டியிருக்கும் செல்லப்பெயரும் கிட்டத்தட்ட அதே ரகம்தான்: 'கொட்டை உடைப்பான்'. ஆனால் இது உடைப்பதில்லை, அடைக்கிறது. சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துப் புதுத் தோட்டாவாக்கும் கைக்கருவி இது.

அமெரிக்காவில் தாத்தா காலத்துச் சாமான்களை ஏலம் விடும்போது இன்றும் இந்த இடுக்கிகள் வெளியே வருகின்றன. 2020-21ல் அங்கே தோட்டாவுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, பரணிலிருந்து இவற்றைத் தூசி தட்டி எடுத்தவர்கள் பலர். பெட்டியைத் திறந்தால் இரும்புக் கருவியோடு மஞ்சளேறிய காகிதம் ஒன்றும் இருக்கும். எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அச்சிட்ட பட்டியல். புதிதாகத் தொடங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: அந்த இரும்பை நம்பலாம், காகிதத்தை நம்பக் கூடாது.

காரணம் புரிய வேண்டுமானால் தோட்டாவின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1857 கிளர்ச்சி பற்றிப் படித்த எவருக்கும் கொழுப்பு தடவிய தோட்டா நினைவிருக்கும். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்த அந்தத் தோட்டா வெறும் காகிதச் சுருள். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும். சுட்டதும் காகிதம் போய்விடும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் காகிதத்தின் இடத்துக்குப் பித்தளை வந்தது. குண்டு பறந்து போனாலும் கூடு கையில் மிஞ்சியது. தோட்டாவில் விலை கூடிய உறுப்பும் அதுதான். அதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்?

1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் அப்படி எறியவில்லை. கடை கண்ணி இல்லாத வெளியில் ஈயக் கட்டிகளையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவில் கூடாரத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கான தோட்டாக்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். இந்தச் சிக்கனத்தின் மறுபக்கம் கொடூரமானது: கோடிக்கணக்கில் திரிந்த எருமைகளில் 1880-களின் நடுவில் காட்டில் மிஞ்சியவை சில நூறுதான்.

எருமைகள் தீர்ந்தன, கருவி தீரவில்லை. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்லோ 1884ல் 'ஐடியல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, விதவிதமான இடுக்கிகளை விற்றார். சிலவற்றில் கைப்பிடியின் நுனியிலேயே குண்டு வார்க்கும் அச்சும் உண்டு. உருக்கிய ஈயத்தை நாலைந்து முறை ஊற்றியதும் கைப்பிடியே சுட்டு, பிடித்திருப்பவர் கையை உதறுவார். பல கைகள் மாறிய ஐடியல் நிறுவனத்தை 1925ல் அதே மாநிலத்தின் லைமன் நிறுவனம் வாங்கியது. லைமனின் '310' என்ற மாடல்தான் இன்று பழைய சாமான் சந்தையில் அதிகம் அறியப்பட்ட இடுக்கி. விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ என்பவர் 1958ல் இன்னும் மலிவான ஒன்றை விற்கத் தொடங்கினார். அதில் இடுக்கிகூட இல்லை. சில எஃகுக் குழல்களும், மருந்தை முகக்க ஒரு சின்னக் கரண்டியும்தான். மரச்சுத்தியல் வீட்டில் இருக்கும் என்பது அவர் கணக்கு.

இடுக்கியின் வேலை சிக்கலானதல்ல. கைப்பிடியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'டை'யை மாற்றி மாற்றித் திருகிக்கொள்ள வேண்டும். முதல் நெருக்கலில் கூட்டின் அடியிலுள்ள பழைய கேப் வெளியேறும். கேப் என்பது, தீபாவளித் துப்பாக்கியில் குழந்தைகள் வைத்து வெடிக்கும் பொட்டுக்கு அண்ணன். அடி விழுந்ததும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைப்பது. வெடித்ததில் விரிந்துபோன கூட்டின் கழுத்து சுருங்கி அளவுக்கு வரும். அடுத்து புதுக் கேப், பிறகு கழுத்தின் வாயைக் குண்டு நுழையும் அளவுக்குத் திறத்தல், மருந்து கொட்டுதல், கடைசி நெருக்கலில் குண்டு உட்காரும். மணிக்கு நூற்றுக்கணக்கில் தயாரிக்கும் இன்றைய மேசை இயந்திரங்களோடு இது போட்டியிட முடியாது. அவசரமில்லாதவர்களின் கருவி இது.

இதன் எல்லைகளை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இடுக்கி கூட்டின் கழுத்தை மட்டுமே சுருக்கும், உடலைத் தொடாது. சுடும்போது கூடு அந்தந்தத் துப்பாக்கியின் அறைக்கு ஏற்ப விரிகிறது. ஒரு ரைபிளில் சுட்ட கூடு அதே ரைபிளுக்குச் சரியாகப் பொருந்தும். இன்னொருவருடைய ரைபிளில் சுட்டது நுழையாமல் அடம்பிடிக்கும். அதனால் பொறுக்கி எடுத்த கூடு உதவாது, சொந்தக் கூடுதான் வேண்டும்.

கேப்பிலும் ஒரு சிக்கல். 1866ல் இங்கிலாந்தின் பாக்ஸர் ஒரு முறையையும் அமெரிக்காவின் பெர்டன் வேறொரு முறையையும் கொண்டுவந்தார்கள். விதி விளையாடியதில், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் பரவின. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவில் ஒரே துளை; ஊசியால் தள்ளினால் பழைய கேப் விழுந்துவிடும். பெர்டன் கூட்டில் நடுவே ஒரு குமிழ், பக்கங்களில் இரண்டு துளைகள், ஊசி வளையும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். பாதரசம் கலந்த கேப்புகளோடு வந்த மிகப் பழைய கூடுகளை ஒதுக்கிவிட வேண்டும். பாதரசம் பித்தளையைத் தின்று நொறுங்கச் செய்துவிடும்.

இனி காகிதத்துக்கு வருவோம். பார்லோ தொடங்கிய காலத்தில் இருந்தது கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். அதன் பெரிய நற்குணம், இடத்தை அடைத்துக்கொள்வது. அமெரிக்க ராணுவம் 1873ல் ஏற்ற 45-70 தோட்டாவின் பெயரிலேயே அளவு இருக்கிறது: குண்டின் விட்டம் 0.45 அங்குலம், மருந்து 70 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறையப் பாதிக் குன்றிமணி எடை. 70 கிரெய்ன் என்றால் நாலரை கிராம். அந்த அளவு மருந்திலேயே கூடு நிறைந்துவிடும். இரண்டு தடவை ஊற்ற நினைத்தாலும் வழிந்துவிடும். கருவியே காவலனாகவும் இருந்தது.

1884ல் பிரான்ஸின் பால் வியே புகையில்லா மருந்தை உருவாக்கியதும் அந்தக் காவல் போய்விட்டது. சிறிய அளவில் பெரிய சக்தி. கருமருந்துக்கு ஏற்ற பெரிய கூடுகளில் புதிய மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். '38 ஸ்பெஷல்' போன்ற கைத்துப்பாக்கிக் கூட்டில் இரண்டு பங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. அதைச் சுடுபவரின் கையில் துப்பாக்கியே வெடித்துவிடலாம்.

அளவு மட்டுமல்ல, பெயரும் ஏமாற்றும். இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகத் தயாராகி மிஞ்சிப்போன 4831 என்ற மருந்தை, போர் முடிந்ததும் கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி விற்றார். அந்தக் காலப் பட்டியல்களில் '4831' என்று மட்டும் இருக்கும். அப்போது அந்தப் பெயரில் வேறு மருந்து கடையில் இல்லை. 1970-களில் டூபான்ட் நிறுவனம் 'ஐ.எம்.ஆர். 4831' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண் ஒன்றுதான், குணம் வேறு: இது ஹாட்ஜ்டன் மருந்தைவிட வேகமாக எரியும். பழைய காகிதத்தில் உள்ள உச்ச அளவை இந்தப் புது மருந்துக்குப் பொருத்தினால் அழுத்தம் எல்லை மீறும். 2003ல் ஐ.எம்.ஆர். பெயரையும் ஹாட்ஜ்டன் நிறுவனமே வாங்கியது. அதன் பிறகும் இரண்டு மருந்துக்கும் தனித்தனி அளவுதான். காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. அது சொன்ன உலகம்தான் மாறிவிட்டது. லீயின் கரண்டிக்கும் இதே கதைதான். ஒரே கரண்டியில் முகந்தாலும் ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு எடை நிற்கும்.

ஆகவே இடுக்கிக்கு எண்ணெய் போடுவதற்கு முன்பு வாங்க வேண்டியவை இரண்டு: மருந்துத் தயாரிப்பாளர் இன்று வெளியிடும் அளவுப் புத்தகம், கிரெய்ன் கணக்கில் நிறுக்கும் தராசு. புத்தகத்தின் தொடக்க அளவில் ஆரம்பிப்பதே விதி. உச்ச அளவுக்குத் தாவக் கூடாது. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். லேபிள் கிழிந்த டப்பா குப்பைக்குக்கூடப் போகக் கூடாது. முறைப்படி அழிக்க வேண்டியது அது. மருந்து கொட்டிய கூடுகளை வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்குமுன் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் அடித்து மட்டம் பார்க்க வேண்டும். கேப்புகளைக் கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டிவைப்பது பழைய பழக்கம். ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது.

இவ்வளவும் அமெரிக்காவில். அங்கே இது வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், அந்தச் சட்டம் 'தோட்டா' என்பதற்குத் தரும் விளக்கம். தோட்டாவின் உறுப்புகளும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அந்தச் சொல்லுக்குள் அடக்கம். வெறும் பித்தளைக் கூடுதானே, பாட்டன் காலத்து இடுக்கிதானே என்று அமெரிக்காவிலிருந்து வரும் மருமகன் ஆசையாய்ப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால், விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல நேரலாம். அலங்காரப் பொருளாக வைக்க விரும்புபவரும் முதலில் உரிமம் வழங்கும் அதிகாரியைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

நூறு ஆண்டுக்கு முந்தைய எஃகு இன்றும் துல்லியமாக நெருக்குகிறது என்பதில் வியப்பில்லை; அதன் வேலை மாறவேயில்லை. மாறியது அதற்குள் கொட்டும் மருந்து. கைப்பிடியில் துருவைத் தேடுபவர்கள், காகிதத்தின் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.